பழைய பொருளாதாரத்தைக் கணக்கேட்டின் வழியே படிப்பது எப்படி?

பொருளாதார வரலாற்றை ஒரு படிக்கட்டாக வரைந்து காட்டுவது பாடநூல்களின் வழக்கம். கீழ்ப்படியில் பண்டமாற்று, அடுத்த படியில் நாணயம், அதற்கு மேலே காகிதப் பணமும் வங்கியும், உச்சியில் கைபேசி வழியே செலுத்தும் பணம். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான படம்தான். ஆனால் ஏதேனும் ஒரு காலத்தின் சான்றை நேரில் எடுத்துப் படிக்கத் தொடங்கிய உடனேயே அது உதவாமல் போய்விடுகிறது. தென் மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரத்தில் கிடைத்த, கி.மு. 3200ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை வாற்கோதுமை எவ்வளவு வந்தது, ஆடு எத்தனை, யாருக்கு எவ்வளவு படியளக்கப்பட்டது என்னும் கணக்குகளே. முத்திரையிட்ட நாணயமோ, இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான லிடியாவில், அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. அதாவது, கணக்கு முந்தியது, காசு பிந்தியது.

எனவே, மனிதர்களின் பொருளாதாரம் எப்படி மாறிவந்தது என்று தாமாகவே படித்தறிய விரும்புவோர், காசைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கணக்கைத் துரத்துவது நல்லது. எந்தக் காலத்துச் சான்றாக இருந்தாலும் அதனிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எதில் அளந்தார்கள்? கணக்கை எழுதியவர் யார்? வாங்கியவரால் திருப்பித் தர முடியாதபோது என்ன நடந்தது? அந்தக் கணக்கில் ஏறாமல் வெளியே நின்றது எது? கல்வெட்டு, பாட்டு, வணிகக் கடிதம், வரிப் பதிவேடு ஆகிய எதுவும் நான்குக்கும் விடை தராது. பெரும்பாலும் இரண்டுக்குத் தரும், மூன்றாவதற்கு ஒரு குறிப்புத் தரும், நான்காவதை நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

வட்டியை நம் வழக்கில் மாற்றிக்கொள்ளுங்கள்

தொடக்கப் பயிற்சிக்கு மிக ஏற்றது வட்டி. பழைய விலைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயல்வது வீண் வேலை. பொன்னின் விலையை வைத்து மாற்றினால் ஒரு விடையும் அரிசி விலையை வைத்து மாற்றினால் முற்றிலும் வேறொரு விடையும் வரும். வட்டி அப்படியன்று. அது ஒரு விகிதம் என்பதால் எந்த நாணயத்தையும் கடந்து வந்து நம் முன் நிற்கும்.

கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தொகுப்பு, வெள்ளிக் கடனுக்கு நூற்றுக்கு 20 என்றும் தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் வட்டி குறிக்கிறது. நம் ஊரில் "ஒரு வட்டி", "ரெண்டு வட்டி" என்று சொன்னால் அது நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது அனைவருக்கும் தெரியும். ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 விழுக்காடு. அந்தக் கணக்கில் பாபிலோனின் வெள்ளிக் கடன், ஒன்றே முக்கால் வட்டிக்குச் சற்றுக் குறைவு. தானியக் கடனையும் இப்படியே மாற்றி இரண்டே முக்கால் வட்டி என்று எழுதிவிட ஆசை வரும். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தானியக் கடன் பெரும்பாலும் அறுவடைவரைக்குமானது. ஆண்டு முழுவதற்கும் உரியதன்று. விதைப்பில் வாங்கிக் களத்தில் திருப்பும் கடனுக்கு மாத வட்டி என்ற கருத்தே பொருந்தாது. கால அளவைப் பார்க்காமல் விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது, இத்துறையில் புதிதாக வருவோர் அனைவரும் ஒருமுறையேனும் செய்யும் பிழை.

அதே சட்டத்தொகுப்பின் 48ஆம் விதி மூன்றாவது கேள்விக்கு விடை தருகிறது. கடன்பட்டவனின் வயலைப் புயலோ வெள்ளமோ அழித்துவிட்டால், அல்லது நீரின்றிப் பயிர் விளையாமல் போனால், அந்த ஆண்டு அவன் தானியம் திருப்பித் தர வேண்டியதில்லை. தன் கடன் பலகையை நீரில் நனைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் கிடையாது. பலகையை நனைப்பது என்ற சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். களிமண்ணில் எழுதிய கணக்கு ஈரம் பட்டால் மீண்டும் மண்ணாகி மாற்றி எழுதத்தக்கதாகிவிடும். கணக்கு எழுதப்பட்ட பொருளே அதைத் திருத்தும் வழியையும் தந்திருக்கிறது.

பாட்டில் கிடைக்கும் விலை

சங்கப் பாடல்களைப் பொருளாதாரச் சான்றாகப் படிப்பதில் ஒரு நன்மை உண்டு: அவற்றைப் பாடியவர்களுக்குப் பொருளாதாரம் குறித்து நமக்குச் சொல்ல வேண்டும் என்ற நோக்கமே இல்லை. அகநானூற்றின் 390ஆம் பாடலில் உப்பு விற்கும் பெண் ஒருத்தி, நெல்லும் உப்பும் நேரே என்று சேரிதோறும் கூவிச் செல்கிறாள். பாட்டின் பொருள் காதல். அவளது விலை கூறல் போகிற போக்கில் வந்து விழுந்த செய்தி. இப்படி வேறொன்றைச் சொல்ல வந்து தவறிச் சொன்ன செய்தியை, அரசன் தன் பெருமைக்காகச் சொன்ன செய்தியைவிட நான் அதிகம் நம்புவேன். "நேர்" என்றால் சரிக்குச் சரி. ஓர் அளவு நெல்லுக்கு அதே அளவு உப்பு.

இதை மட்டும் படித்துவிட்டு, அந்தக் காலம் பண்டமாற்றுக் காலம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அதே தொகுப்பின் 149ஆம் பாடலில் யவனரின், அதாவது கிரேக்க, உரோமானிய வணிகரின், மரக்கலங்கள் பொன்னோடு சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து மிளகோடு திரும்புகின்றன. பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியர் காசு கிடைத்திருக்கிறது. கொங்குப் பகுதியில் உரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. இன்று வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரசுத் தாள், முசிறி வணிகத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்றைக் கிரேக்க மொழியில் தருகிறது. அதன் மறுபக்கத்தில், ஹெர்மப்போலான் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சரக்கின்மீது உரோமானிய அரசு விதித்த சுங்கம் நான்கில் ஒரு பங்கு.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். குறியெதிர்ப்பை என்பது ஒரு பழந்தமிழ்ச் சொல். ஒரு பொருளை அளவு குறித்து வாங்கி, பின்னர் அதே அளவைத் திருப்பித் தருவது அதன் பொருள். புறநானூற்றின் 163ஆம் பாடலில், குமணனிடம் பரிசில் பெற்றுவந்த பெருஞ்சித்திரனார், யார் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லும்போது, முன்னர்க் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் நினைவுபடுத்துகிறார். வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைதான் என்று குறள் அதை ஈகையிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. இன்று அண்டை வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி மறுநாள் திருப்புவதும், வட்டியில்லாமல் கைமாற்று வாங்குவதும் இதன் வழிவந்தவையே. கடற்கரையில் முசிறி வணிகத்தின் எழுத்து வழிக் கடன், சேரியில் நெல்லுக்கு உப்பு, அடுக்களையில் குறியெதிர்ப்பை: மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தவை, ஒன்று போய் மற்றொன்று வந்ததாகக் காட்டச் சான்று எதுவும் இல்லை.

கல்வெட்டில் விலையைக் கண்டுபிடித்தல்

இனிச் சற்று நின்று ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகள் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டதன் விளைவு அவை. அழகு பார்க்க வருவோர் பலர். உண்மையில் அது ஒரு பெரும் பேரேடு.

அதைப் படிக்க மூன்று சொற்கள் முதலில் தெரிந்திருக்க வேண்டும். முதல் என்பது இன்றும் நாம் சொல்லும் முதல்தான். அதன்மீது வரும் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். களத்தில் தூற்றிக் குவிக்கும் நெல்லைப் பொலி என்று சொல்கிறோமே, அந்தப் பெருக்கமே இதிலும் இருக்கிறது. மூன்றாவது, முகத்தலளவை: எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அளக்கும் மரக்காலுக்கே ஆடவல்லான் என்று பெயர் சூட்டி, இன்ன மரக்காலால் அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எதில் அளந்தார்கள் என்ற நம் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அமையாது. மரக்கால் மாறினால் கடனே மாறிவிடும் என்பது எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கோயிலுக்கு வந்த காசை அங்கேயே பூட்டி வைக்கவில்லை. சுற்று வட்டார ஊர்ச் சபைகளுக்கும் நகரங்களுக்கும் கடனாகக் கொடுத்து, ஆண்டுதோறும் பொலிசை பெற்றார்கள். சில கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது எட்டில் ஒரு பங்கு, 12.5 விழுக்காடு. நம் வழக்கில் ஒரு வட்டிக்குச் சற்று மேல். வேறு சில கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் பொலிசை. இரண்டையும் அருகருகே வைத்தால், கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று கிடைத்துவிடுகிறது. அரைக்கால் காசும் மூன்று குறுணி நெல்லும் சமம் என்றால், முழுக் காசுக்கு 24 குறுணி. ஆக, ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். ஒரே நிறுவனம் ஒரே வகைக் கடனுக்கு இருவேறு பொருளில் வட்டி வாங்கும் இடங்களைத் தேடிப் பிடிப்பது, பழைய விலைகளைக் கண்டுபிடிக்க நான் அறிந்த நல்ல வழி.

இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். கோயிலில் ஆடலுக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நூறு கலம் என்பது 1,200 குறுணி, அல்லது 9,600 நாழி; நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 நாழி. ஒரு காசின் ஓராண்டுப் பொலிசையான முக்குறுணி 24 நாழி. எனவே, கோயிலில் ஒரு காசு முதலாக இட்டவர் அதன்மூலம் ஆண்டுக்கு அளிக்கச் செய்தது, ஒரு தளிச்சேரிப் பெண்ணின் ஏறத்தாழ ஒரு நாள் பங்கு. காசுக்கு இன்றைய ரூபாய் மதிப்பு என்ன என்று தேடுவதைவிட இந்த விடை எவ்வளவோ பயனுள்ளது. ஒரு தடையையும் சொல்லிவிட வேண்டும்: பங்கு என்பது ஒரு தனியாளின் கூலியாகவே செலவானது என்று கொள்ளக்கூடாது, அதை நம்பி ஒரு குடும்பமே இருந்திருக்கலாம்.

விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆடு சாகாது, மூப்படையாது என்று யாரும் நம்பவில்லை. எண்ணிக்கை குறையக்கூடாது, குறைந்தால் பொறுப்பேற்றவர் ஈடுகட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். உயிருள்ள ஆடு இங்கே முதலாகவும், நெய் பொலிசையாகவும் ஆகிவிட்டன. இந்தத் தொடரைப் படிக்கும்போதெல்லாம், மந்தையில் நோய் விழுந்த ஆண்டில் அந்த இடையர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். பாபிலோனின் 48ஆம் விதி போன்ற ஒரு வாசகத்தை இந்த விளக்குக் கொடைகளில் நான் கண்டதில்லை. சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிய கணக்கை நீரில் நனைக்கவும் முடியாது.

இந்தப் பேரேட்டை வைத்துச் சோழர் பொருளாதாரம் முழுவதையும் எழுதிவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். நிலையாக நிற்க வேண்டியவை மட்டுமே கல்லில் ஏறின. சந்தையில் அன்றன்று நடந்த வாங்கல் விற்றல் ஓலையில் இருந்து ஓலையோடு போயிற்று. வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் சுமத்திராவின் பாரூசில் 1088இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்; அங்கேயும் கல்லில் இருப்பது அவர்கள் விதித்த கட்டணம்தான், நாள்வழிக் கணக்கு இல்லை.

வரி எதில் கேட்கப்பட்டது என்று பாருங்கள்

காகிதப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனாவின் சிச்சுவான் பகுதியில் புழங்கிய கனத்த இரும்புக் காசைச் சுமக்க முடியாமல் வணிகர்கள் அதை ஓரிடத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றார்கள். 1020களில் சோங் அரசு அந்தச் சீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கணக்கை எழுதியவர் யார் என்ற இரண்டாவது கேள்விக்கான விடை அங்கே வணிகரிடமிருந்து அரசுக்கு மாறியது, அவ்வளவே.

அதைவிடக் குடியானவரின் வாழ்வைத் தலைகீழாக்கியது, வரியை நெல்லாக வாங்குவதா நாணயமாக வாங்குவதா என்ற மாற்றம். விளைச்சலில் இத்தனை பங்கு என்று வாங்கினால், மழை பொய்த்த ஆண்டில் அரசின் பங்கும் தானாகவே குறையும். சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த இரயத்துவாரி முறையில் வரி, ஒவ்வொரு நிலத்துக்கும் பணமாகக் கணக்கிடப்பட்டது. பிற்காலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையே அது மறுமதிப்பீடு செய்யப்பட்டது. தவணை நாளில் நாணயம் வேண்டும் என்பதால், ஊரார் அனைவரும் ஒரே சமயத்தில், விலை மிகவும் தாழ்ந்திருக்கும் அறுவடைக் காலத்திலேயே நெல்லை விற்றாக வேண்டும்; விற்றது போதாவிட்டால் கடன். ஆகவே, எந்த நாட்டின் வரலாற்றைப் படித்தாலும் வரியின் அளவைப் பார்ப்பதற்கு முன்னர், அது எந்தப் பொருளில், ஆண்டின் எந்த மாதத்தில் கேட்கப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

மூன்றாவது கேள்வி எவ்வளவு கடுமையானது என்பதைப் பர்மா காட்டுகிறது. அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தார் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று நுணுக்கமாகக் கணக்கு வைத்து, ஐராவதிக் கழிமுகத்து நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அவர்களின் நோக்கம் வட்டியே தவிர நிலம் அன்று. 1930இல் கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடம் இருந்தது, சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன்கள் திரும்பவில்லை. அடமான நிலங்கள் கைக்கு வந்தன. 1938இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாகிவிட்டது. ஏட்டின்படி கடன் கொடுத்தவருக்கு வரவேண்டியது வந்தது. ஆனால் அவர் கேட்டது நிலத்தை அன்று, விவசாயிக்கோ நிலமே போயிற்று; இருவருக்கும் இடையில் எழுந்த பகை அந்த ஏட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

கணக்கில் ஏறாதவை

நான்காவது கேள்விக்கு நம் காலத்துச் சான்றே போதும். ஒரு நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவரான சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க மேலவைக்கு அளித்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டின் நலத்தை அளந்துவிட முடியாது என்று எச்சரித்திருந்தார். இட்லிக் கடையில் அரைக்கும் மாவு கணக்கில் ஏறும். வீட்டில் அரைக்கும் மாவு ஏறாது. தஞ்சைக் கல்வெட்டில் நெய் அளந்த இடையரின் பெயர் இருக்கும். அந்த நெய்யை உருக்கிய பெண்ணின் பெயர் இருக்காது. எந்தக் காலத்தைப் படிக்கும்போதும், இந்தப் பண்டம் இங்கு வந்து சேர்வதற்கு முன்னர் யார் கையெல்லாம் பட்டிருக்கும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்து, அந்த வரிசையில் எத்தனை பேர் சான்றில் இடம்பெற்றிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வது நல்ல பழக்கம்.

வீட்டிலேயே பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது. தெருமுனை மளிகைக் கடையில் பற்று வைத்திருந்தால் அந்தச் சிறிய நோட்டையும், அதே மாதத்து வங்கிக் கணக்கு அறிக்கையையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் அறிமுகமான யுபிஐ வழியாக நீங்கள் செலுத்திய எந்தத் தொகையிலும் காசு ஒன்றும் இடம்பெயரவில்லை. ஒரு வங்கியின் ஏட்டில் குறைந்து மற்றொன்றின் ஏட்டில் கூடியிருக்கிறது, உருக் நகரத்துப் பலகையில் வாற்கோதுமை குறைந்து கூடியதைப் போல. இப்போது நான்கு கேள்விகளையும் இரண்டு ஏடுகளிடமும் தனித்தனியே கேளுங்கள். மளிகைக் கடை நோட்டில் கடைக்காரர் எழுதுகிறார், நீங்கள் எட்டிப் பார்க்கலாம், தவறு என்றால் அங்கேயே அடித்துத் திருத்தலாம், சம்பளம் தாமதமானால் அடுத்த வாரம் என்று சொல்லலாம். வங்கி அறிக்கையில் இவற்றுள் எவை இயலும், எவை இயலாது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு, அதன் பிறகு தஞ்சைக்கோ பாபிலோனுக்கோ போகலாம்.